டி.கே.எம். 6 பிறந்த கதை

திருத்தணியில் எந்த அரிசி மண்டிக்குப் போனாலும் இரண்டு பெயர்களைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஒன்று, கடைக்காரர்கள் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பி.பி.டி. 5204. மற்றது ஐ.ஆர். 20. இன்று இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சம்பாப் பட்டம் என்றாலே ஐ.ஆர். 20தான். முதல் நெல் எல்லைக்கு அந்தப் பக்கம், குண்டூர்ச் சீமையின் பாபட்லாவில் உருவாகி 1986இல் வெளிவந்தது. இரண்டாவது கடல் தாண்டி, பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பான்யோஸ் ஊரில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1969இல் வெளிவந்தது.

இரண்டின் வம்சாவளியையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ஒரே நெல்லில் போய் முடிகிறது. சென்னை மாகாண வேளாண்மைத் துறை கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்து 1921இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24 அது. ஐ.ஆர். 20க்கு வரும் வழியில் நடுவே இன்னொரு நெல் நிற்கிறது. அது எங்கள் மாவட்டத்திலேயே, திருவள்ளூரை அடுத்த திரூரில் பிறந்த டி.கே.எம். 6. திரூர்குப்பம் என்ற ஊர்ப்பெயரின் சுருக்கம்தான் அந்த மூன்றெழுத்து. இந்த நெல்லின் கதையை எங்கள் ஊர்க்காரர்களே அதிகம் அறியவில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள் அறிந்திருக்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கதை கோயம்புத்தூரில் தொடங்குகிறது. 1912இல் அங்கே நெல் இனப்பெருக்க நிலையம் ஒன்றை மாகாண அரசு தொடங்கியது. அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற நீளமான பதவிப் பெயரோடு அதைக் கவனித்தவர் எஃப்.ஆர். பார்னெல். அந்தப் பதவியின் ஆங்கில முதலெழுத்துகள்தான் ஜி.இ.பி. நெல் தன் பூவுக்குள்ளேயே தன்னைச் சூல்கொள்ளச் செய்துகொள்ளும் பயிர். ஆகவே நல்ல தனிச்செடி ஒன்றைக் கண்டுபிடித்து அதன் விதையை மட்டும் தனியே பெருக்கினால் குணம் மாறாமல் வரும். பார்னெல் காலத்து வேலையில் பெரும்பகுதி இதுதான். ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே நடந்து, கதிரைப் பிடித்துப் பார்த்து, எண்ணி, எடைபோட்டு, நோட்டில் எழுதி, அடுத்த ஆண்டு மீண்டும் விதைப்பது. அப்படிக் கிடைத்த சன்ன அரிசி ரகம்தான் ஜி.இ.பி. 24. கிச்சிலிச் சம்பா என்ற பெயரில் அது வீடுகளுக்குள் நுழைந்தது. பார்னெலுக்குப் பின் அந்த வேலையைப் பெரிய அளவுக்கு எடுத்துச் சென்ற கீழக்கரைக்காரர் கே. ராமையா, 1946இல் கட்டக்கில் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதை வங்கி இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

1921 என்ற ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் சட்டமன்ற உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும். மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தப்படி இரட்டையாட்சி வந்து, புதிய சென்னை மாகாணச் சட்டமன்றம் செயல்படத் தொடங்கிய ஆண்டு அது. காவல், நிதி போன்ற துறைகளைக் கவர்னர் தம் கையில் வைத்துக்கொண்டார். கல்வி, சுகாதாரம், வேளாண்மை ஆகியவை சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இந்திய அமைச்சர்களிடம் வந்தன. அதாவது, இந்த மண்ணில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில் முதன்முதலாகக் கிடைத்த அதிகாரங்களில் ஒன்று, நெல் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது. வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்த காலம், அவையில் நிலக்கிழார்களும் வழக்கறிஞர்களும் நிறைந்திருந்த காலம். அப்படியிருந்தும் ஆண்டுதோறும் வேளாண்மைக்கான மானியம் அவைக்கு வந்தது, நிறைவேறியது. ஆடுதுறையில் 1922, பட்டாம்பியில் 1927, அம்பாசமுத்திரத்தில் 1937 என்று நெல் நிலையங்கள் எழுந்தன. பட்டாம்பி அப்போது நம் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், பின்னால் மீண்டும் வரும்.

திரூர் நிலையம் 1942இல் வந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அதன் பிறப்புக்குச் சட்டமன்றத்தைப் பாராட்ட முடியாது. 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகிய பின் மாகாணம் கவர்னர் ஆட்சியில் இருந்தது. சட்டமன்றம் கூடவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. சென்னை மாகாணம் பலகாலமாகத் தின்றுவந்த பர்மா அரிசி அத்தோடு நின்றது. பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் கதைகளை வடாற்காட்டிலும் செங்கல்பட்டிலும் இன்றும் கேட்கலாம். அரிசி எங்கிருந்தோ கப்பலில் வரும் என்ற நம்பிக்கை உடைந்துபோன அந்த ஆண்டில்தான் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிப் பாசன நிலத்துக்கென்று இந்த நிலையம் தொடங்கியது.

ஏரிப் பாசனம் என்பது காவிரிப் பாசனம் போன்றதல்ல. எங்கள் பக்கம் மழை பெய்தால் ஏரி, ஏரி நிறைந்தால் நடவு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பேச்சில் உண்டு. ஆனால் எந்தப் பட்டம் கைக்கு வரும் என்பதை வானம்தான் முடிவு செய்யும். ஏரித் தண்ணீர் வற்றுவதற்குள் அறுவடைக்கு வந்துவிடும் குறுகிய வயது நெல் வேண்டும். அரிசியும் விலைபோகும் சன்னமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைக்கும் இடையில்தான் திரூர்க்காரர்கள் வேலை செய்தார்கள். ஜி.இ.பி. 24ஐயும் கோயம்புத்தூரின் இன்னொரு தேர்வான கோ 18ஐயும் ஒட்டுச் சேர்த்தார்கள்.

ஒட்டுச் சேர்ப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெற்பூ காலையில் சில மணி நேரம் மட்டுமே வாய் திறக்கும். அது திறந்து தன் மகரந்தத்தைத் தானே கொட்டிக்கொள்வதற்கு முன்னால் ஆள் முந்திக்கொள்ள வேண்டும். தாயாக வைத்துக்கொண்ட செடியின் கதிரில், இன்னும் திறக்காத பூக்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிடுவார்கள். மிஞ்சிய ஒவ்வொரு பூவின் உமி நுனியையும் சாய்வாக வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கி நுனியால் ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் அந்தப் பூ வீண். சூல்முடியில் கீறல் விழுந்தாலும் வீண். வேறு மகரந்தம் பறந்துவந்து விழாதபடி கதிருக்கு எண்ணெய்த்தாள் உறை மாட்டுவார்கள். பிறகு தந்தைச் செடியின் மலர்ந்த கதிரைக் கொண்டுவந்து, உறையைத் திறந்து, மேலே தட்டி உதிர்ப்பார்கள். மறுபடி உறை. தேதியும் பெற்றோர் பெயரும் எழுதிய சீட்டு. இவ்வளவு பாடுபட்ட கதிரில் சில விதைகள் பிடித்தால் அன்றைய வேலை நன்றாக நடந்தது என்று பொருள்.

அந்தச் சில விதைகள் அடுத்த பருவத்தில் செடியாகும். அவற்றின் விதைகளை விதைத்தால் குணங்கள் சிதறும். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முந்தி, ஒன்று பிந்தி, ஒன்றின் அரிசி மோட்டா, ஒன்றின் அரிசி சன்னம். அதில் பொறுக்கி, மீண்டும் விதைத்து, மீண்டும் பொறுக்கி, ஏழெட்டுத் தலைமுறை கழிந்தபின்தான் குணம் நிலைக்கும். அதற்குப் பிறகு பல ஊர்களில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதில் எந்த ஓராண்டு விட்டுப்போனாலும் வரிசை அறுந்துவிடும். தண்ணீர் இறைக்கக் காசில்லை என்றோ நோட்டு எழுதுகிறவரின் இடம் காலி என்றோ ஒரு பருவம் நின்றால், அதுவரை செய்த வேலையில் பாதி மண்ணோடு போகும்.

டி.கே.எம். 6 வெளிவந்தது 1952இல். திரூர் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஆண்டுவரை எத்தனை ஆட்சி மாறியது என்று பாருங்கள். கவர்னர் ஆட்சி. 1946இல் தங்குதூரி பிரகாசம். 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1949இல் குமாரசாமி ராஜா. 1952 ஏப்ரலில் மீண்டும் ராஜாஜி. நடுவில் ஒரு பேரரசு விலகிக் குடியரசு பிறந்தது, உணவுப் பங்கீடு வந்தது, வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத்தேர்தல் நடந்தது. இவ்வளவுக்கும் நடுவே திரூரில் வரிசை அறுபடவில்லை. யார் முதலமைச்சர் என்று பார்த்து நெல் விதைக்கப்படவில்லை. யார் வந்தாலும் அந்தச் சிறு தொகை வந்துகொண்டிருந்தது. இதை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். 1952 ஆட்சியில் நிதியமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். பிற்பாடு மத்திய உணவு அமைச்சராகி, அறிவியலாளர்களின் பேச்சை நம்பி மெக்சிகோ கோதுமை விதையைக் கப்பல் கப்பலாக இறக்கியவர். ஆராய்ச்சி நிலையத்தின் அருமை தெரிந்த அரசியல்வாதி எப்படி இருப்பார் என்பதற்கு அவரைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த நெல் வெளிவந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மறு ஆண்டு, 1953 அக்டோபர் 1, ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து நாங்கள் அந்தப் பக்கம் போனோம். திரூர் இந்தப் பக்கம் நின்றது. ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கர் குழுவின் முடிவு, நாடாளுமன்றத்தின் சட்டம் எல்லாம் சேர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குள் கொண்டுவந்தன. சட்டம் இயற்றுகிறவர்களிடம் விடாமல் போய்க் கேட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊர் தன் முகவரியிலேயே வைத்திருக்கிறது. அந்தத் துணிச்சலில்தான் நானும் கேட்கிறேன்.

இனி கதை கடல் கடக்கிறது. 1960இல் ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் லாஸ் பான்யோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1966இல் அது வெளியிட்ட ஐ.ஆர். 8 குட்டை நெல். உரம் போட்டால் சாயாது, விளைச்சல் அதுவரை காணாதது. ஆனால் அரிசி மோட்டா, வேகவைத்து ஆறினால் கெட்டிப்பட்டுப் போகும். பூச்சியும் நோயும் அதை எளிதில் பிடித்தன. அந்த நிலையத்தின் பூச்சியியலாளர் எம்.டி. பதக் உலகெங்கிலுமிருந்து திரட்டிய நெல் வகைகளைப் பத்தாயிரம் அளவில் வரிசையாக வைத்து, எது தண்டுத்துளைப்பானைத் தாங்குகிறது என்று சோதித்தார். தண்டுத்துளைப்பானைப் பற்றி நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளம்பயிரில் விழுந்தால் நடுக்குருத்து காய்ந்து, பிடித்து இழுத்தால் கையோடு வரும். பூக்கும் பருவத்தில் விழுந்தால் கதிர் வெளுத்து நிற்கும், உள்ளே மணி இருக்காது. அந்தச் சோதனையில் தாங்கி நின்ற மிகச் சில நெல்களில் ஒன்று டி.கே.எம். 6. முழுத் தடுப்பு என்று சொல்ல முடியாது. அந்துப்பூச்சி அதன் இலையில் முட்டையிடத் தயங்கியது. முட்டை பொரிந்து உள்ளே போன புழுவும் மற்ற நெல்லில்போல் கொழுக்கவில்லை.

குட்டை நெல் வழியில் வந்த ஒரு கலப்பினத்தோடு டி.கே.எம். 6ஐ ஒட்டுச் சேர்த்ததில் கிடைத்ததுதான் ஐ.ஆர். 20. ஐ.ஆர். 8இன் மோட்டா அரிசியை ஏற்காத தமிழ்நாட்டு வாய், ஐ.ஆர். 20ஐ ஏற்றுக்கொண்டது. சன்னமும் தெளிவும் கிச்சிலிச் சம்பாப் பக்கத்திலிருந்து வந்தவை அல்லவா! தஞ்சாவூர்ச் சம்பா வயல்கள் அதற்கு மாறின. பின்னாளில் கோவையில் உருவான கோ 43க்கும் ஐ.ஆர். 20 ஒரு பெற்றோர். கட்டக்கில் டி.கே.எம். 6ஐ ஐ.ஆர். 8ஓடு நேரடியாகச் சேர்த்து 1970இல் ரத்னா என்ற ரகத்தை வெளியிட்டார்கள்.

இதுவரை சொன்னது தேடிப்போய்க் கண்டுபிடித்த குணங்களின் கதை. இந்த நெல்லில் நான் மிகவும் வியக்கும் பகுதி இனிமேல்தான் வருகிறது.

புகையான். தண்டின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. வயலில் வட்ட வட்டமாக, தீப்பட்டதுபோல் பயிர் காயும். குட்டை நெல்லும் நெருக்கமான நடவும் அதிக தழைச்சத்து உரமும் சேர்ந்தபின் இந்தப் பூச்சி ஆசியா முழுவதும் பெருந்தொல்லையாயிற்று. இந்தோனேசியாவில் எழுபதுகளின் நடுவே விளைச்சலை வாரிக்கொண்டு போனது. அதைத் தாங்கும் நெல் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது, லாஸ் பான்யோஸில் ஒரு புதிர் வந்தது. ஐ.ஆர். 24ஐயும் டி.கே.எம். 6ஐயும் ஒட்டுச் சேர்த்ததில் வந்த ஐ.ஆர். 26 புகையானைத் தாங்கியது. ஆனால் பெற்றோர் இருவருமே புகையானுக்கு எளிதில் இரையாகிறவை. தாய்க்கும் இல்லாத, தந்தைக்கும் இல்லாத எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கு எப்படி வந்தது?

அங்கே நெல் ஆய்வு செய்துவந்த குர்தேவ் குஷும் மார்டினெஸும் அதைத் துருவி, 1974இல் விடையை வெளியிட்டார்கள். டி.கே.எம். 6க்குள் புகையானைத் தடுக்கும் மரபணு இருந்தது. கூடவே அதை வேலை செய்யவிடாமல் அமுக்கிவைக்கும் இன்னொரு மரபணுவும் இருந்தது. ஒட்டுச் சேர்க்கையில் குணங்கள் சிதறியபோது, சில பிள்ளைகளில் தடுக்கும் மரபணு மட்டும் வந்து, அமுக்கும் மரபணு விட்டுப்போயிற்று. பூட்டு கழன்றது. 1973இல் வெளிவந்த ஐ.ஆர். 26, புகையானைத் தாங்கும் முதல் ரகமாக ஆசிய வயல்களுக்குப் போனது.

திரூரில் ஒட்டுச் சேர்த்தவர்கள் புகையானை நினைத்து அதைச் செய்யவில்லை. அவர்கள் காலத்தில் புகையான் பெரிய எதிரியே அல்ல. அவர்கள் ஏரித் தண்ணீரையும் சன்ன அரிசியையும் நினைத்தார்கள். அவர்கள் கையிலிருந்த நெல்லுக்குள் என்ன பூட்டியிருந்தது என்பதை அறியும் வழி அன்று எவருக்கும் இல்லை. எந்த மானியக் கோரிக்கையிலும், இந்த ஆராய்ச்சியால் முப்பது ஆண்டு கழித்து இந்தோனேசியாவின் புகையானுக்கு மருந்து கிடைக்கும் என்று எழுதியிருக்க முடியாது. எழுதியிருந்தால் நிதித்துறை சிரித்துக்கொண்டே கோப்பைத் திருப்பியிருக்கும். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும்போது என்ன பயன், எப்போது பயன் என்று கேட்பதை நான் குறைசொல்லவில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிற ஆராய்ச்சிக்கு மட்டும்தான் பணம் என்றால் டி.கே.எம். 6இன் பெரும் பயன் நமக்கு வந்திருக்காது.

ஐ.ஆர். 26 நிலைத்ததா? நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே புகையான் தன்னை மாற்றிக்கொண்டது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் புதிய வகைப் புகையான் அந்த எதிர்ப்பை உடைத்தது. அதற்குள் அடுத்த நெல் தயாராக இருந்ததால்தான் பிழைத்தார்கள். 1976இல் வந்த ஐ.ஆர். 36 அது. குஷ் அதைக் கட்டிய விதம் பிரமிக்க வைக்கும். உத்தரப்பிரதேசத்தில் கிடைத்த காட்டு நெல்லிலிருந்து புல்தழைக் குட்டை நோய்க்கு எதிர்ப்பு. டி.கே.எம். 6 வழியாகத் தண்டுத்துளைப்பானுக்கும் இலைக்கருகல் நோய்க்கும் எதிர்ப்பு. புதிய புகையானுக்கு? கட்டக்கிலிருந்து வந்த ஒரு கலப்பினம். அதன் மூதாதைகள் பட்டாம்பியின் பி.டி.பி. 18, பி.டி.பி. 21. மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, 1927இல் நம் மாகாணத்தில் எழுந்த அதே பட்டாம்பி நிலையம். எண்பதுகளில் ஐ.ஆர். 36 ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்டேர் அளவுக்கு விளைந்தது. அதுவரை உலகில் எந்த ஒரு பயிர் ரகமும் அத்தனை பரப்பில் விளைந்ததில்லை. அந்த நெல்லின் இரு கால்கள் சென்னை மாகாணத்தின் இரு அரசு நிலையங்களில் ஊன்றியிருக்கின்றன. 1996இல் குஷுக்கும் ஐ.ஆர். 8ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான ஹென்றி பீச்செலுக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. திரூரிலும் பட்டாம்பியிலும் இடுக்கி பிடித்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. இது எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

இலைக்கருகலைத் தடுக்கும் மரபணுவின் கதையும் ஒன்று உண்டு. டி.கே.எம். 6இலிருந்து ஐ.ஆர். 20 வழியாகப் பரவிய அந்த மரபணுவுக்கு எக்ஸ்.ஏ. 4 என்று பெயர். ஆசியாவின் எத்தனையோ ரகங்களில் அது இருக்கிறது. அது என்ன செய்கிறது என்பதைச் சீன அறிவியலாளர்கள் 2017இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். செடியின் செல் சுவரை அது உறுதியாக்குகிறது. கிருமி உள்ளே நுழையச் சிரமப்படுகிறது, தண்டும் வலுவாக நிற்கிறது. திரூர் நெல் வெளிவந்து அறுபத்தைந்து ஆண்டு கழிந்தும் அதிலிருந்து உலகம் பாடம் படித்துக்கொண்டிருக்கிறது.

சட்டமன்ற உறுப்பினர்களின் பதவிக்காலம் ஐந்தாண்டு. ஒட்டுச் சேர்த்த நெல் வயலுக்கு வரப் பத்தாண்டு. நெல்லுக்குள் இருப்பதை அறிய அரை நூற்றாண்டு. இந்தக் கணக்குப் பொருந்தாது என்பதால் அரசியலில் ஆராய்ச்சிக்குக் குரல் குறைவு. பாலம் கட்டினால் பெயர்ப்பலகை வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். ஒட்டுக் கதிரின் சீட்டில் அமைச்சர் பெயர் எழுதுவதில்லை. இருந்தும் இதே மாநிலம் முன்பு இதைச் செய்திருக்கிறது, நெல்லில் மட்டுமல்ல. கிண்டியின் கிங் நோய்த்தடுப்பு நிலையம் மாகாண அரசின் படைப்பு. 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது, உலக சுகாதார அமைப்போடும் பிரிட்டிஷ், இந்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்புகளோடும் மாநில அரசும் கைகோத்தது. காசநோயாளியை ஆண்டுக்கணக்கில் சானடோரியத்தில் அடைத்துவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரையில் குணமாக்கலாம் என்று 1959இல் அந்த மையம் காட்டியது. உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையே அதன்பின் மாறியது.

மாநிலங்கள் உயிர் அறிவியலுக்குத் தாமே பணம் போடுவது வேறெங்கும் இல்லாத பழக்கமும் அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மக்கள் 2004இல் வாக்களித்து, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு மாநிலக் கடன் பத்திரம் மூலம் 300 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2007இல் டெக்சாஸ் மக்கள் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அதே அளவு ஒதுக்கினார்கள். மத்திய அரசு தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம் அரசமைப்புச் சட்டத்தில் வேளாண்மை, வேளாண் கல்வி, வேளாண் ஆராய்ச்சி மூன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. 1921இல் கைக்கு வந்தது இன்றும் நம் கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாடு 2021 ஆகஸ்ட் 14 அன்று வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கையை முதன்முறையாகத் தாக்கல் செய்தது. வேளாண் அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் படித்தார். மரபு நெல் ரகங்களைக் காப்பதற்கு நெல் ஜெயராமன் பெயரில் ஓர் இயக்கமும் அதில் இடம்பெற்றது. நான் மனமாரப் பாராட்டுகிற செயல் இது. அந்த அறிக்கையில் ஆராய்ச்சி நிலையங்களின் அன்றாடச் செலவுக்கு நிலையான இடம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். புதிய திட்டத்துக்குப் பணம் கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் அதற்குப் பெயர் உண்டு. களத்தில் ஆள், ஆழ்குழாய்க்கு மின்சாரம், விதைக் குளிர்சேமிப்பு அறை, ஒட்டுச் சேர்க்கும் கைகளுக்குக் கூலி என்பவற்றுக்குப் பெயர் இல்லை. அவற்றுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை அல்ல, ஆட்சி எதுவானாலும் குறையாத ஒரு விகிதம் சட்டமாகவே வேண்டும்.

திரூர் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. எங்கள் பக்கத்தில் சிவப்புக் குண்டரிசிக்காக இன்றும் விதைக்கப்படும் டி.கே.எம். 9, 1978இல் அங்கிருந்து வந்தது. ஆந்திரா பொன்னிக்கு மாற்றாகச் சன்ன அரிசி தரும் டி.கே.எம். 13, 2015இல் வந்தது. புகையான் தன்னை மாற்றிக்கொண்டேயிருக்கிறது. ஏரிகளும் முன்போல் நிறைவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஒரே வாரத்தில் கொட்டிவிட்டுப் போகும் ஆண்டுகளில் நாற்று மூழ்குகிறது, அடுத்த மாதமே காய்கிறது. இரண்டையும் தாங்கும் நெல் வேண்டும். 2040இல் நாம் உண்ணப்போகும் அரிசிக்கான ஒட்டு இப்போதே சேர்க்கப்பட வேண்டும்.

ஆகவே திருத்தணித் தொகுதிக்கும் திருவள்ளூர்த் தொகுதிக்கும், எந்தக் கட்சியானாலும், சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வேளாண்மை மானியக் கோரிக்கை விவாதத்தில் சாலைக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் பேசி முடித்தபின் இன்னும் இரண்டு நிமிடம் கேட்டு வாங்குங்கள். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த ஆண்டு எத்தனை ஒட்டுகள் சேர்க்கப்பட்டன, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன, விதைச் சேமிப்புக்கு எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அமைச்சரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் அவைக்குறிப்பில் ஏறட்டும். மறு ஆண்டும் அதே கேள்வியைக் கேளுங்கள்.